ஐந்தாவது தாள்

ஏப்ரல் 3

அண்ணிக்கு,

நீங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இன்றோடு பன்னிரண்டு நாள். உங்கள் தையல் கடை முதலாளியம்மாவிடம் மூன்று முறை போய் நின்ற பிறகுதான் இந்த முகவரி கிடைத்தது. "அவளே சொல்லாம போயிருக்கா, நான் ஏன் சொல்லணும்?" என்று முதல் இரண்டு முறையும் துரத்திவிட்டார். மூன்றாவது முறை என் மூஞ்சியைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஒரு பழைய அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது தப்புதான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. போர்ச் செலவை எதிர்க்கும் எங்கள் சங்கத்தின் அன்றைய கூட்டம் ரொட்டிக்கடை அக்கா வீட்டில் நடப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவருடைய கணவர் வாசலை மறித்துக்கொண்டு, "போர்ச் செலவு அது இதுன்னு இங்க பேசி, நாளைக்கு எவனாவது கடைமேல கல்லெறிஞ்சா நீயா கண்ணாடி மாத்துவ?" என்று கேட்டார். ஏழு பெண்கள் தெருவில் நின்றார்கள். கடை விடுமுறை என்று அன்று வீட்டிலிருந்த நீங்கள்தான் எட்டிப் பார்த்து, "நம்ம அடுப்படி எங்கயும் ஓடிப்போகல, இங்கயே உட்காருங்க" என்றீர்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரே ஒரு விதி. எங்கோ கேட்ட புள்ளிவிவரம் கூடாது. அந்தத் தெருவிலேயே கண்ணால் பார்த்ததைத்தான் காட்ட வேண்டும். அதனால்தான் இரவு வார்டை மூடிய நம் மருத்துவமனை, பாதி வழியிலேயே திரும்பிப் போகும் ஏழாம் நம்பர் பஸ், ஆளெடுக்காத மின்வாரியம், கூரை ஒழுகும் பள்ளிக்கூடம் என்று நான்கு படங்கள். நான்கையும் துணியில் அடித்தபோது ஓரம் தைத்துக் கொடுத்தவர் நீங்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இல்லை. எதிரே ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை பெயின்ட் அடிக்கிறார்கள். இதைத் தெருவுக்குத் தெரு சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பது?

ஐந்தாவது தாள் அந்தச் சுருளில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். அதுதான் உண்மை. நான்கு முடிந்ததும் கை தன்னால் அடுத்ததைத் திருப்பிவிட்டது. நீங்கள் டீ ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் படத்தைப் பார்த்தீர்கள். கீழே நான் எழுதியிருந்ததைப் படித்தீர்கள். 'இருபத்தொன்பது வயது. லைன்மேன். வேலை போனதால் படையில் சேர்ந்தார். இவர் உயிருக்கு அரசு கொடுத்தது ஒரு ராக்கெட்டின் விலையில் பாதி.' பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் எனக்கும் அண்ணன்தானே. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாப்பாவோடு வந்துவிடுங்கள். வீடு வீடாகவே இல்லை.

உங்கள்
சின்னவள்


ஏப்ரல் 11

டீச்சருக்கு,

கடிதம் வந்தது.

நான் நாலு துணிக்கு ஓரம் அடித்தேன். நாலுக்கும் இரட்டை மடிப்பு. அஞ்சாவது ஒன்று இருப்பதாக நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. அதைக் காகிதத்தில் எழுதி, என் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தீர்கள். நம் அடுப்படிக்கு வருவதற்கு முன்பே வேறு தெருக்களில் அதைக் காட்டியிருக்கிறீர்கள் என்று, கூட்டத்துக்கு வந்திருந்த நர்ஸ் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் கூட்டம் போட்டீர்கள், போய்விட்டீர்கள். மறுநாள் பாப்பாதான் பள்ளிக்கூடம் போனாள். அங்கே அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அரை ராக்கெட். வகுப்பில் ஆரம்பித்து விளையாட்டுத் திடல், அப்புறம் தெரு. பால்காரரின் சின்னப் பிள்ளைகூட அவள் முன்னால் கையை விரித்துக்கொண்டு பாதி தூரம் ஓடி, விழுந்து காட்டியது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு என்ன தெரியும்.

மூன்றாம் நாள் தலை வாரிக்கொண்டிருந்தபோது பாப்பா கேட்டாள்.

"அம்மா, மீதி பாதியை எப்பம்மா தருவாங்க?"

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். நீங்கள் படித்தவர்.

இங்கே ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிறேன். ஒரே விரிப்புக்கு ஏழு ஒட்டு. புதிது வாங்குவதில்லை. வேண்டுமானால் இதையும் ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேட்பது ஒன்றுதான். அந்தத் தாள் எங்கும் இருக்கக் கூடாது. எந்தத் தெருவிலும், எந்த வீட்டிலும்.

பாப்பா நலம்.


ஏப்ரல் 19

அண்ணி,

'டீச்சர்' என்று ஆரம்பித்திருந்தீர்கள். 'நீங்கள்' என்று வேறு. அதற்கு மேலே படிக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

அந்தப் பெயர் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நேற்று பாப்பாவின் பள்ளிக்கூட வாசலில் நின்று அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினேன். முழித்தார்கள். ஒருத்தன், "நீங்கதானே டீச்சர் எழுதியிருந்தீங்க?" என்றான். திரும்பி வந்துவிட்டேன்.

தாளை எடுத்துவிட்டேன். கிழித்து அடுப்பில் போட்டேன், எரிகிறவரை பக்கத்திலேயே நின்றேன். இனி அது இல்லை.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று மட்டும் கேளுங்கள். முதல் நான்கு படங்களுக்கும் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ஆமா, பஸ் வர்றதில்ல. ஆமா, நைட்ல பிரசவ வலி வந்தா நாய்கூட ஏன்னு கேக்காது" என்பார்கள். அதோடு சரி. டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் படம் வந்ததும்தான் அந்த அடுப்படியில் குழாய் சொட்டுவது கேட்கும். தண்ணீர்த் தொட்டித் தெருவில் ஒரு அம்மா, மகன் நிரப்பி வைத்திருந்த ஆள்சேர்ப்புப் படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்து என் கண்ணெதிரே கிழித்தார். ஒரு உயிர், அண்ணி. அந்தத் தாளால் ஒருத்தன் வீட்டில் இருக்கிறான்.

இதைச் சொல்வதால் உங்கள் வலி குறையாது என்று தெரியும். தெரிந்தும் சொல்கிறேன்.

பாப்பாவின் கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கசக்கிப் போட்டேன்.

சின்னவள்


ஜூன் 2

சின்னவளுக்கு,

இந்த முறை 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்து எழுதினால் நீ தப்பித்துக்கொள்கிறாய்.

வியாழக்கிழமை சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறைக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். துணிச் சுருள் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நல்லாப் பேசினார்கள். இரவு வார்டு, பஸ், மின்வாரியம், பள்ளிக்கூடம். எல்லாம் இந்த ஊர்ப் படங்கள், உங்கள் விதிப்படி. நான்கு முடிந்தது. மூடி வைத்துவிடுவார்கள் என்று நினைத்து டிபன் டப்பாவைத் திறந்தேன்.

அஞ்சாவதாக அவர்.

காகிதத்தில் இல்லை, துணியில். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஓரம் ஒற்றை மடிப்பு, பச்சை நூல், எட்ட எட்டப் போகிற தளர்ந்த தையல், இழுத்தால் பிரிந்துவரும். நான் அடித்ததில்லை. காகிதம் தானாகத் துணியாக மாறாது. நீ எரித்தேன் என்று எழுதிய பிறகு யாரோ புதிதாக அச்சடித்து, யாரோ புதிதாக ஓரம் அடித்திருக்கிறார்கள்.

என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள், இஸ்திரி போடுகிறவள், நல்லவள், சொன்னாள்: "பாதி ராக்கெட் காசை வாங்கிட்டு அந்தப் பொம்பளை வாயை மூடிட்டு இருக்கா பாரு. நானா இருந்தா மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பேன்."

நான் மென்றுகொண்டிருந்தேன்.

"என்னக்கா அப்படிப் பாக்கற? உனக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியாது" என்றேன்.

ஒன்பது வருஷம் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறேன். அந்தப் படத்தில் இருக்கிற நீலச் சட்டையின் இரண்டாவது பொத்தான் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசு, அது நான் மாற்றினது. தெரியாது என்றேன். நாக்கு கூசவில்லை. அப்புறம் பாத்ரூமில் போய் வாய் கொப்பளித்தேன்.

இன்னொன்று. அவர் தோள்மேல் நாலு விரல் இருக்கிறது. ஒரு அம்மா, "அது யாரோட கை தம்பி?" என்று கேட்டார். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் மனைவியா இருக்கும்" என்றான்.

அது உன் கை. அவர் படைக்குக் கிளம்பிய அன்றைக்கு லாரி வந்து நின்றது. அவருக்குத் தொப்பி மட்டும் முதல் நாளே கொடுத்திருந்தார்கள், அதைப் பிடுங்கி நீ போட்டுக்கொண்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எடுத்தது நான், என் போனில். லாரி கிளம்பும்போது தெருவிலேயே உன் குரல்தான் பெரிய குரல். கைதட்டலும் உன்னுடையதுதான். அதற்கு மூன்று நாள் முன்னால் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான். அவருக்கு எழுத்து கோணலாக வரும், நிராகரித்துவிடுவார்கள் என்று நானே உட்கார்ந்து அழகாக எழுதினேன். 'வேலை போனதால் படையில் சேர்ந்தார்' என்று போட்டிருக்கிறாயே, வேலை மட்டுமா அவரை ஏற்றி அனுப்பியது?

உன் தாளில் நீயும் இல்லை, நானும் இல்லை. கத்தரிக்கோல் வைத்திருப்பவள் நான். உன் அளவுக்குச் சுத்தமாக எனக்கு வெட்டத் தெரியாது.

இனி எழுதாதே.


ஜூன் 9

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். இதைக் கிழித்துப் போட்டுவிட்டாலும் சரி.

காகிதத்தை எரித்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே படத்தை ஸ்கிரீன் பிரிண்டிங்காரரிடம் கொடுத்திருந்தேன், நாற்பது துணிகளுக்கு. உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாள் அவர் போன் செய்தார். "எல்லாம் ரெடி டீச்சர், அடிக்கலாமா?" உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. பாப்பா கேட்ட கேள்வி அதில் இருந்தது. "அடிங்க" என்றேன். மற்ற ஊர்களில் உங்களை யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு வீட்டுக்கு வந்து, காகிதத்தை அடுப்பில் போட்டு, உங்களுக்குக் கடிதம் எழுதினேன். எரிகிறவரை நின்றேன் என்று எழுதினேன் பாருங்கள், அந்த வரியை எழுதும்போது எனக்கு என்மேல் மதிப்புகூட வந்தது.

இன்னும் இருக்கிறது.

நம் அடுப்படியில் நான் எதையும் மறக்கவில்லை. சுருளைப் பிரிக்கும்போதே ஐந்தாவதன் ஓரம் தெரிந்தது. நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நர்ஸ் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். ரொட்டிக்கடை அக்கா கொட்டாவி விட்டார். கூட்டம் கையைவிட்டுப் போகிறது என்று தோன்றியது. நீங்கள் முதுகு காட்டி நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் திரும்பிப் பார்த்தால் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அப்போது யாரும் கொட்டாவி விட மாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் திருப்பினேன். அது சரியாகவே வேலை செய்தது.

மனிதரைச் செலவுக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று அதிகாரிகளைத் திட்டித்தான் தெருத்தெருவாகப் போகிறேன். நான் செய்தது வேறென்ன?

படத்தை வெட்டியதும் நான்தான். கத்தரித்தபோது விரல்களைக் கவனித்தேன். அவற்றையும் எடுத்தால் அவன் தோள் போய்விடும் என்று விட்டுவிட்டேன். எங்கே போனாலும் யாராவது அதைக் கேட்பார்கள். "தெரியல" என்று சொல்வேன். நீங்கள் ஒருமுறை சொன்னதற்கு வாய் கொப்பளித்தீர்கள். நான் எத்தனை அடுப்படிகளில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"வாலு, தொப்பியைக் குடு, லேட்டாகுது." அண்ணன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். நான் கொடுக்காமல் இரண்டு சுற்று ஓடினேன். உங்களுக்கு நினைவிருக்கும்.

துணிகளைத் திரும்ப வாங்கப் போகிறேன். நாற்பதையும்.


ஜூலை 20

அண்ணி,

முப்பத்தெட்டு கிடைத்துவிட்டது. உங்கள் ஊரில் இருந்ததையும் வாங்கிவிட்டேன். சலவைக்கூடத்து வாசல்வரை வந்தேன், உள்ளே வரவில்லை. ஒன்று பஸ்ஸில் தொலைந்ததாகச் சொல்கிறார்கள். இன்னொன்றை ஒரு பெண் தர மறுக்கிறார். "எங்க வீட்டுக்காரர் போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. இவர் அவர் மாதிரி இருக்கார். இது இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டார். கீழே இருக்கும் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டதாகப் பிறகு ஆள் அனுப்பிச் சொன்னார். அதற்குமேல் அங்கே போய் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

சங்கத்தில் சண்டை. "நல்லா ஓடுறதை ஏன் நிறுத்தணும்? உன் குடும்பச் சண்டையை இங்க கொண்டுவராதே" என்றார்கள். கொண்டுவந்தவளே நான்தானே, அதனால்தான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

ஐந்தாவதாக ஒன்று வேண்டும், எங்கள் விதிப்படி கண்ணால் பார்த்தது. முழுப் படத்தையும் பெரிதாக்கி ஒரு வெள்ளைத் துணியில் ஒட்டினேன். தொப்பியும் சிரிப்புமாக நான் இருக்கிறேன். அண்ணன் முகத்தின்மேல் வெள்ளைத் தாள் வைத்து மூடியிருக்கிறேன், ஏனென்றால் அதைக் காட்டலாமா என்று உங்களை நான் இதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தொகை இல்லை. ராக்கெட் இல்லை. எழுத்தே இல்லை. நின்று சொல்ல வேண்டியதை வாயால் சொல்கிறேன்.

முதல்முதலில் ரொட்டிக்கடை அக்கா வீட்டில். அவர் கணவர் மனம் மாறி இடம் கொடுத்தார் என்று நினைக்காதீர்கள், ஊருக்குப் போயிருந்தார். படத்தைப் பார்த்ததும் அக்கா கேட்டார்.

"ஏய், இது நீதானே? என்ன இப்படிச் சிரிக்கற?"

"நான்தான். அன்னிக்கு அண்ணனை ஏத்தி விட்டேன். சந்தோஷமா இருந்துச்சு."

யாரும் அழவில்லை. பின்னால் இருந்த ஒரு பெண் எழுந்து, "வெக்கங்கெட்டவ. செத்தவனை வெச்சுப் பொழப்பு நடத்தினது போதாதுன்னு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நர்ஸ் அக்கா தரையைப் பார்த்தபடி, "அன்னிக்கு அந்தத் தெருவுல கொடி வித்தது எங்க வீட்டுக்காரர்தான். எல்லாம் வித்துப்போச்சு. ராத்திரி எல்லாரும் ஹோட்டலுக்குப் போனோம்" என்றார். அதோடு கூட்டம் முடிந்தது. யாரும் எந்தப் படிவத்தையும் கிழிக்கவில்லை.

திரும்பி வாருங்கள் என்று கேட்க மாட்டேன். அந்த முகத்தை மூடியே வைக்கட்டுமா, திறக்கட்டுமா, எடுத்தே விடட்டுமா? அது ஒன்றைச் சொன்னால் போதும்.


ஆகஸ்ட் 1

வாலுக்கு,

மூடியே இருக்கட்டும். அவர் முகம் அடுப்படி அடுப்படியாகச் சுற்றினது போதும்.

நேற்று இஸ்திரி போடுகிறவளிடம் சொன்னேன். "அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னேனே, அவர் என் வீட்டுக்காரர்." அவள் டப்பாவை மூடினாள். இன்றைக்கு வேறு மேசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். எனக்கும்தான். படிவத்தை நிரப்பினது என் கையெழுத்து என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னைத் தவிர. சொல்ல வேண்டும். எப்போது என்று தெரியவில்லை.

பாப்பா உன்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அதை நான் மாற்ற முடியாது, மாற்றச் சொல்லிக் கேட்காதே. இங்கே பள்ளிக்கூடத்தில் அவளை அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

அவள் ஒன்று மட்டும் கேட்டாள், அத்தை அப்பாவிடம் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாளா என்று. கொடுத்தாள், லாரி நகர்ந்த பிறகு ஓடிப்போய்க் கொடுத்தாள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

வெள்ளைத் துணியில் ஒட்டியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஓரத்தை எப்படி விட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நாலு வீடு சுற்றினால் நூல் நூலாகப் பிரிந்துவிடும். படத்தைப் பிரித்து எடுத்துவிட்டுத் துணியை மட்டும் தபாலில் அனுப்பு. இரட்டை மடிப்பு வைத்து அடித்து அனுப்புகிறேன்.

நீ ஊசியைத் தொடாதே.